வன்னியில் பாலத்துக்குப் பலகை அடிப்பது

வன்னியில் நல்ல ஓடாவிமாருக்கு, அதாவது தச்சர்களுக்கு, குறைவில்லை. பாலையில் நிலை செய்து, முதிரையில் கதவு இழைத்து, பொருத்தில் மயிரிழை இடைவெளிகூட விடாத கைகள் வவுனியாவிலும் இருக்கின்றன, கிளிநொச்சியிலும் இருக்கின்றன. அதே கைகள் பாலம் கட்டும் இடத்துக்குப் போனால் தொடக்கத்தில் தடுமாறும். நிலையும் கதவும் என்றைக்கும் கழராமல் இருக்கச் செய்யப்படுபவை. பாலத்துக்கு அடிக்கும் பலகை, அதாவது கொங்கிறீற் வார்க்கும் அச்சு, கழற்றுவதற்காகவே அடிக்கப்படுவது. ஆனால் கழற்றும் நாள்வரை பல தொன் ஈரக் கொங்கிறீற்றை அது அசையவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்தப் பலகை முதலில் கழரும், எந்த ஆணியைப் பிடுங்கக் கை போகும், எந்த மூலை கொங்கிறீற்றுக்குள் இறுகிப்போகும் என்பதை அடிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். இதைப் பழகியவர்தான் பால ஓடாவி.

நம் பக்கத்துப் பாலங்கள் பெரும்பாலும் சிறியவை. ஏ9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 இலும், பூநகரி வழியாக மன்னார் போகும் ஏ32 இலும் பார்த்தால் தண்ணீர் போகப் பெட்டி வடிவில் வார்த்த பெட்டி மதகுகளும், ஒன்றிரண்டு கண் வைத்த பாலங்களும்தான் அதிகம். 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் போன்றவை விதிவிலக்கு. சிறிய பாலங்களில் பீம்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் வார்த்து லொறியில் வந்து, கிறேனால் தூக்கி வைக்கப்படுகின்றன. அப்படியானால் ஓடாவிக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அத்திவாரம், கரையில் பாலத்தின் நுனியைத் தாங்கும் கரைச் சுவர், அதன் பக்கத்தில் மண்ணைத் தடுக்கும் சிறகுச் சுவர், நடுத்தூண், அதன்மேல் குறுக்கே வரும் தூண் தலை, பீம் உட்காரும் பீடம், மேல்தள ஓரம், கைபிடிச் சுவர் எல்லாமே அந்த இடத்தில் பலகை அடித்து வார்ப்பவைதான். பீம் எவ்வளவு நேர்த்தியாக வந்தாலும் அது உட்காருவது ஓடாவி பிடித்த மட்டத்தில்.

முதலில் காலக் கணக்கு. ஒக்டோபரில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்ய முடியாது. அத்திவாரமும், கரைச் சுவரில் வெள்ள மட்டத்துக்குக் கீழுள்ள பகுதியும் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். கனகராயன் ஆற்றில் இரணைமடுவுக்குக் கீழே வேலை என்றால் மழை உங்கள் இடத்தில் பெய்யத் தேவையில்லை. வவுனியாப் பக்கம் பெய்து குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் வெயில் எரிக்கும் நாளிலும் தண்ணீர் வரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே எல்லோரும் அறிவர். வாய்க்கால் மேல் மதகு என்றால் கணக்கு நேர்மாறு. மழை இல்லாத சிறுபோகத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். எந்தத் திகதியில் திறப்பு, எந்தத் திகதியில் பூட்டு என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகும். நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அந்தத் திகதிகளைக் கேட்காமல் குழி வெட்டத் தொடங்கினால் அரைவாசி அடித்த பலகை தண்ணீருக்குள் நிற்கும்.

ஓடும் ஆற்றில் பலகையைத் தாங்கும் முட்டுகள் நிற்கும்போது வெள்ளம் வந்தால் அவற்றைச் சரிப்பது பெரும்பாலும் தண்ணீரின் வேகம் அல்ல. அது இழுத்து வரும் மரக்கொப்பும் பற்றையும் முட்டுகளுக்கு இடையில் சிக்கி ஒரு அணை போல அடைத்துவிடும். பின்னால் தண்ணீர் ஏறும், மொத்தமாகத் தள்ளும். ஆகவே தண்ணீர் ஓடும் பாதையில் முட்டு வைக்காமல், இரண்டு பக்கமும் ஊன்றி நடுவில் இரும்பு ஐ-பீம் போட்டு அதன்மேல் பலகை பிடிப்பதே சரி. செலவு கூடும்தான். ஆனால் மாரி நெருங்கும்போது செய்யும் வேலைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மரம் பற்றி நீட்டத் தேவையில்லை. முகப்புக்கு 18 மி.மீ. வழவழப்பான படலம் ஒட்டிய பிளைவூட், 8 அடிக்கு 4 அடி. அதன் முதுகில் 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம். முதிரையும் பாலையும் பலகை அடிக்க உதவா. பாரம் அதிகம், ஆணி இறங்காது, இறங்கினால் பிடுங்க முடியாது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றவும் முடியாது. அந்த மரத்தைக் கொங்கிறீற்றுக்குள் நனைத்து வீணாக்குவது பாவம். ஆனால் துண்டு விழுந்த பாலையை எறிய வேண்டாம், ஆப்புக்கு அதைப்போல் மரம் இல்லை. பிளைவூட்டை வெட்டியதும் வெட்டு விளிம்புக்குப் பெயின்ற் பூசுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பூசாத விளிம்பு தண்ணீர் குடித்து ஊதி, அடுத்த முறை இரண்டு பலகையைச் சேர்த்தால் மூட்டில் ஒரு வரப்பு நிற்கும். அந்த வரப்பு கொங்கிறீற்றில் பள்ளமாகத் தெரியும்.

முட்டுக்கும் முளைக்கும் கம்பு வெட்ட ஆற்றங்கரைக் காட்டுக்குள் போவது சில இடங்களில் வழக்கம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பகுதி என்று அலுவலகத்தில் உறுதிப்படுத்தாத எந்தப் பற்றைக்குள்ளும் கால் வைக்க வேண்டாம். பாதை துப்புரவாகி வருடக்கணக்காகிவிட்டது என்பதால் பாதைக்கு அப்பால் துப்புரவு என்று ஆகாது. வெள்ளம் மண்ணைப் புரட்டிப் போட்ட இடமும் அப்படித்தான்.

மூலை பிடிப்பதற்கு 3-4-5 கணக்குப் போதும். கயிற்றில் 3 மீற்றர் ஒரு பக்கம், 4 மீற்றர் மறுபக்கம், குறுக்கே சரியாக 5 மீற்றர் வந்தால் செங்கோணம். வீட்டு அளவான 3 அடி, 4 அடி போதாது, குறுகிய கயிற்றில் உள்ள பிழை நீண்ட சுவரில் பெருகும். அளவுக் குற்றிகளைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீற்றர் தள்ளி அடியுங்கள். எக்ஸ்கவேற்றர் அள்ளும்போது பக்கத்தில் நிற்கும் குற்றியெல்லாம் போய்விடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் 4 மீற்றர் உயரத்திலிருந்து விட்ட தூக்குக்குண்டு நிற்காது. கீழே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, குண்டு அடியில் முட்டாமல் அதற்குள் மூழ்கும்படி விட்டால் ஆட்டம் அடங்கும். நூல் நின்ற பிறகு, மேலே பலகையிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தையும் கீழே உள்ள தூரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் பலகை நேராக நிற்கிறது.

அத்திவாரப் பலகையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணோடு முட்டுக் கொடுக்கும்போது முளையை மட்டும் நம்பாமல் பின்னால் ஒரு பலகைத் துண்டு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அத்திவாரத்தோடு சேர்த்துச் சுவர் எழும்பும் இடத்தில் 100 மி.மீ. உயரத்தில் ஒரு கிக்கர், அதாவது சுவரின் அடித்துண்டு, வார்ப்பார்கள். அந்தக் கிக்கர் நேராக இல்லையென்றால் மேலே வரும் சுவர் முழுவதும் கோணல்தான். சுவர்ப் பலகையின் அடி இதைத்தான் கவ்விப் பிடிக்கிறது. சின்ன வேலை என்று பழகுபவரிடம் விடுகிறார்கள். மூத்த ஓடாவி தானே செய்ய வேண்டிய வேலை இது.

இனி கரைச் சுவர். மற்ற வேலையில் பிழை விட்டால் அழகு கெடும். இங்கே பிழை விட்டால் பலகை வெடித்து ஆள் சாகும்.

ஈரக் கொங்கிறீற் தண்ணீர் போலப் பக்கவாட்டில் தள்ளும். கம்பியோடு சேர்த்து ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2.5 தொன். ஆகவே 1 மீற்றர் ஆழத்தில் சதுரமீற்றருக்கு 2.5 தொன் தள்ளும், 2 மீற்றரில் 5 தொன், 4 மீற்றர் சுவரை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் 10 தொன். சுவர் எவ்வளவு தடிப்பு என்பதில் ஒன்றுமில்லை. 300 மி.மீ. சுவரும் 1 மீற்றர் சுவரும் ஒரே அளவுதான் தள்ளும். மெல்லிய சுவர்தானே என்று முட்டுகளைக் குறைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மெதுவாக ஊற்றினால் கீழே உள்ளது இறுகத் தொடங்கும், தள்ளல் குறையும். ஆவணி வெயிலில் அது விரைவாகவே நடக்கும். ஆனால் அதை நம்பிப் பலகையைக் குறைக்க வேண்டாம். தூரத்துக் கலவை ஆலையிலிருந்து லொறியில் வரும் கொங்கிறீற்றில் வழியில் இறுகாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள். அந்த மருந்து உங்கள் பலகைக்குள்ளும் வேலை செய்யும், 2 மணித்தியாலத்துக்கு முன் ஊற்றியதும் இன்னும் திரவமாகவே நிற்கும். கொங்கிறீற்றை அதிரவைத்து இறுக்கும் வைபிரேற்றரை ஆழமாக இறக்கினால் இறுகத் தொடங்கியதும் திரும்ப இளகும். ஆகவே முழு உயரமும் திரவம் என்றே கணக்குப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கை வைத்துப் பலகைக்கு வருவோம். சதுரமீற்றருக்கு 5 தொன் வரை 18 மி.மீ. பிளைவூட்டின் முதுகில் 300 மி.மீ.க்கு ஒரு சட்டம் தாங்கும். 10 தொன் வந்தால் அதே இடைவெளியில் பிளைவூட் 2 மி.மீ. அளவு வயிறு தள்ளும், 200 மி.மீ.க்கு நெருக்க வேண்டும். சட்டத்துக்குப் பின்னால் கிடையாகப் போகும் தாங்கிக்கு மரம் போதாது, 100 மி.மீ. சி-சனல் இரண்டை முதுகோடு முதுகு வைத்து நடுவில் ரை றொட், அதாவது இரண்டு பக்கப் பலகையையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் கம்பி, போக இடம் விட வேண்டும். இந்தக் கிடைச் சனல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் இருக்கக் கூடாது. முதல் சனல் அடியிலிருந்து 200 மி.மீ.இல், அதற்கு மேல் 2 மீற்றர் உயரம் வரை 500 மி.மீ.க்கு ஒன்று, பிறகு 800 வரை விடலாம். அழகுக்காகச் சம இடைவெளியில் அடித்த பலகை வெடித்தால் எப்போதும் அடிக் கால்வாசியில்தான் வெடிக்கும்.

ரை றொட் கணக்கும் இப்படியே. 15 மி.மீ. திருகுகம்பி நல்லதாக இருந்தால் 9 தொன் வரை பாரம் கொடுக்கலாம். அடியில் ஒரு றொட் 1 மீற்றர் அகலம், அரை மீற்றர் உயரம் பிடிக்கிறது என்றால் அதில் வருவது 5 தொன். கிடைச் சனலை 1 மீற்றருக்கு விட்டால் அதே றொட்டில் 10 தொன், எல்லை தாண்டிவிட்டது. வெல்டிங் பட்ட றொட்டும், வளைத்து நிமிர்த்திய றொட்டும் சேர்க்கக் கூடாது. அந்த உருக்கு வெல்டிங் சூட்டில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பார்த்தால் தெரியாது. கட்டுக்கம்பியை முறுக்கி இழுத்துப் பிடிப்பது 1 மீற்றருக்கு மேல் உள்ள எந்தச் சுவருக்கும் ஆகாது. முறுக்கு இளகும், பாரத்தில் நீளும், முனை கொங்கிறீற் முகத்தில் நின்று துரு கட்டும்.

இவை எல்லாம் பொதுவான அளவுகள். உங்கள் சுவருக்கு எஞ்சினியரிடம் பலகை வரைபடம் கேளுங்கள். சுவரின் கம்பிக்கு வரைபடம் தருகிறவர்கள் பலகைக்கு ஓடாவியின் அனுபவம் போதும் என்று விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. அது சரியில்லை. வரைபடம் இல்லாமல் 2 மீற்றருக்கு மேல் அடிக்க மாட்டேன் என்று சொல்ல ஓடாவிக்கு உரிமை உண்டு.

அடிமூட்டை அடைப்பது தனிக் கவனம். கிக்கருக்கும் பலகைக்கும் இடையில் ஒரு ஸ்பொஞ் பட்டியை ஒட்டி இறுக்க வேண்டும். அங்கே 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சீமெந்துப் பால் வழிந்து, கல்லும் மணலும் மட்டும் மிஞ்சும். பலகை கழற்றும்போது தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். கரைச் சுவரில் மிக அதிகமாக வளைவு விசை வருவது அந்த அடியில்தான், கம்பியும் அங்கேதான் அடர்த்தி. பார்வைக்குப் பூசி மறைத்தாலும் உள்ளே தண்ணீர் போகும். சோளகத்தில் மரம் காய்ந்து சுருங்குவதால், நேற்று இறுக்கமாக இருந்த மூட்டு இன்று வெளிச்சம் தெரியும். ஊற்றும் நாள் காலையில் பெட்டிக்குள் இறங்கி, வெளியே வெயில் இருக்கும்போது உள்ளே எங்கே ஒளிக்கீற்று வருகிறதென்று பாருங்கள். ஒளி வரும் இடத்தால் பால் போகும்.

சிறகுச் சுவரின் முகம் சாய்வாக இருந்தால் ஒரு விடயம் கூடுதல். சாய்ந்த பலகையைக் கொங்கிறீற் பக்கவாட்டில் மட்டும் தள்ளாது, மேலேயும் தூக்கும். அத்திவாரம் வார்க்கும்போதே கம்பி வளையங்கள் புதைத்துப் பலகையைக் கீழே கட்டி வைக்க வேண்டும். மணல் மூட்டை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது பிழை. பெட்டி மதகில் பக்கத் தள்ளலையும் பார்க்க வேண்டும். உள்பெட்டி ஒரு பக்கம் நகராமல் இருக்க இரண்டு சுவரையும் மாறி மாறி ஊற்ற வேண்டும், உயர வித்தியாசம் அரை மீற்றரைத் தாண்ட விடக் கூடாது.

ஊற்றும் நாளில் ஓடாவிக்கு ஓய்வு நாள் என்று நினைக்கும் கொந்தராத்துக்காரர்கள் இருக்கிறார்கள். குறைந்தது இரண்டு ஓடாவிமார் பலகைக் காவலுக்கு நிற்க வேண்டும். ஒருவர் கையில் சுத்தியலும் ஆப்பும், மற்றவர் கண் நூலில். சுவரின் மேல் விளிம்புக்குச் சமாந்தரமாக, 25 மி.மீ. கட்டை வைத்து விலக்கி ஒரு நூல் கட்டினால், பலகை 3 மி.மீ. நகர்ந்தாலும் தெரியும். நட்டுகள் பாரம் ஏறும்போது இளகும், ஒவ்வொரு அரை மீற்றர் ஏற்றத்துக்கும் ஒருமுறை சுற்றி வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். பம்ப் குழாய் ஒரே இடத்தில் நின்று கொட்டக் கூடாது. 1.5 மீற்றருக்கு மேலிருந்து விழ விடாமல் குழாயை உள்ளே இறக்க வேண்டும். வைபிரேற்றர் முனை பிளைவூட்டைத் தொட்டால் படலம் எரிந்து கொங்கிறீற்றில் தழும்பு விழும், அந்தப் பலகையும் அன்றோடு முடிந்தது.

"ஓடாவியார், பலகை தள்ளுது!" என்று சத்தம் கேட்டால் முதல் வேலை பம்பை நிறுத்துவது. பிறகுதான் முட்டு. நிறுத்தாமல் முட்டுக் கொடுக்கப் பலகைக்குக் கீழே ஓடக் கூடாது. வயிறு தள்ளிய பலகையை ஜக் வைத்துப் பழைய இடத்துக்குத் தள்ளுவது கொங்கிறீற் இன்னும் இளக்கமாக இருக்கும்போது மட்டும் முடியும். இறுகத் தொடங்கிய பிறகு தள்ளினால் உள்ளே வெடித்து, கம்பியை விட்டுப் பிரியும். அப்போது தள்ளியது தள்ளியபடி இருக்கட்டும். மேலும் தள்ளாமல் பிடித்துவிட்டு, பிறகு எஞ்சினியர் தீர்மானிக்கட்டும்.

மேலே தாங்கும் வேலைக்கு வந்தால் மண்தான் பிரச்சினை. தூண் தலை 1.2 மீற்றர் தடிப்பு என்றால் கொங்கிறீற் மட்டும் சதுரமீற்றருக்கு 3 தொன், பலகையும் ஆட்களும் சேர்ந்து இன்னும் கால் தொன். முட்டுகளை 600 மி.மீ. இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு முட்டிலும் ஏறத்தாழ 1.2 தொன். இரும்பு முட்டு அதைத் தாங்கிவிடும். முட்டின் கீழ்த்தட்டு ஒரு கையகலம்தான், அது மண்ணுக்குள் இறங்கும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி கோடையில் கல்லுப்போல் வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் ஊதி இளகும். கோடையில் பிடித்த மட்டம் ஒரு இரவு மழையில் 20 மி.மீ. போய்விடலாம். கிளிநொச்சிச் செம்மண்ணும் நனைந்தால் இளகும், ஆனால் அவ்வளவு மோசமில்லை.

செய்ய வேண்டியது: மேல்மண் 300 மி.மீ. அகற்றி, கிரவல் போட்டு இரண்டு படையாக உருளையால் இறுக்கி, அதன்மேல் 9 அங்குல அகலம் 2 அங்குலத் தடிப்புப் பலகையை முழு நீளத்துக்குப் படுக்க வைக்க வேண்டும். துண்டு துண்டாக வைத்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் இறங்கும். சுற்றிவர ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். நேற்று வெட்டி மூடிய அத்திவாரக் குழியின் மேல் முட்டு வைப்பதுதான் மிகப் பொதுவான பிழை. அந்த மண் எவ்வளவு மிதித்தாலும் இறுகாது. அங்கே அத்திவாரக் கொங்கிறீற் மேலிருந்தே முட்டு எழுப்புங்கள். அல்லது தூணையே கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டை போட்டு அதிலிருந்து தாங்குங்கள்.

ஆப்பு எப்போதும் சோடியாக, எதிரும் புதிருமாக. ஒற்றை ஆப்பு ஒரு விளிம்பில் மட்டும் தொடும், பாரத்தில் நழுவும். இரண்டும் முகம் முழுவதும் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, மட்டம் பிடித்ததும் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிட வேண்டும், வைபிரேற்றர் அதிர்வில் ஆப்பு தானாகக் கழரும். மரத்தின் மேல் மரம் உட்காரும் ஒவ்வொரு பொருத்தும் பாரம் வந்ததும் 1 மி.மீ. வரை அமுங்கும். நான்கைந்து பொருத்து இருந்தால் அவ்வளவு உயர்த்தியே மட்டம் பிடிக்க வேண்டும். முட்டுகளுக்குக் குறுக்குக் கட்டு இரண்டு திசையிலும் வேண்டும். நேராக அமுக்கும் பாரத்தில் முட்டு விழுவது அரிது, பக்கவாட்டில் சாய்ந்துதான் விழும்.

தூண் தலையின் மேல் பீம் உட்காரும் பீடங்கள் சின்னப் பெட்டிகள், 100 அல்லது 150 மி.மீ. உயரம். ஆனால் இவற்றின் மட்டம் 2 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். ஒரு பீடம் உயர்ந்தால் றப்பர் தாங்கி ஒரு ஓரத்தில் மட்டும் பாரம் வாங்கிப் பிதுங்கும். நீர் மட்டக் குழாய் இங்கே போதாது, லெவல் கருவி வைத்து ஒவ்வொரு மூலையையும் பார்க்க வேண்டும்.

பீம் வைத்தபின் மேல்தளம். இழுவிசை கொடுத்து வார்த்த பீம்கள் நடுவில் சற்று வில்லாக மேலெழும்பி இருக்கும், ஒவ்வொன்றும் ஒரே அளவில் எழும்பாது. ஓரப் பலகையைப் பீமிலிருந்து அளந்து அடித்தால் பாலத்தின் விளிம்பும் அந்த வில்லோடு போகும். லெவலிலிருந்து அடியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதச் சரிவு என்றால் 3.5 மீற்றருக்கு 87 மி.மீ. இறக்கம். வெளியே நீட்டிய தளத்தின் அடியில், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, 20 மி.மீ. அகலச் சட்டம் ஒன்றைப் பலகையில் அடித்து வார்த்தால் ஒரு சிறு பள்ளம் கிடைக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்று சொட்டிவிடும், பீம் வரை ஓடாது. வரைபடத்தில் ஒரு சின்னக் கோடாகத்தான் இருக்கும், கண்ணில் படாமல் விடப்படும். அந்தச் சட்டத்தைப் பலகையோடு ஒட்டும் பக்கம் அகலமாக வரும்படி சரிவு சீவி அடித்தால்தான் கழரும். நேராகச் சீவினால் கொங்கிறீற் கவ்விக்கொள்ளும், உளி வைத்துக் கிண்டினால் விளிம்பு உடையும். மூலைகளுக்கு அடிக்கும் 25 மி.மீ. முக்கோணச் சட்டத்துக்கும் இதே கவனம் தேவை.

கழற்றுவது எப்போது என்பதை எஞ்சினியர் கியூப் முடிவை, அதாவது அதே கொங்கிறீற்றில் வார்த்த கட்டைகளை நசுக்கிப் பார்த்த பலத்தை, பார்த்துச் சொல்ல வேண்டும். சுவர்ப் பக்கங்கள் பொதுவாக 16 முதல் 24 மணித்தியாலத்தில் கழரும். தளத்தின் அடி முட்டு 7 முதல் 14 நாள், பீம் அடி 14 முதல் 21 நாள் நிற்க வேண்டும். ஒழுங்கு இதைவிட முக்கியம். இரண்டு பக்கமும் தாங்கிய தளத்தில் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். வெளியே நீட்டிய தளத்தில், தூண் தலையின் கைகளில், நுனியிலிருந்து தொடங்கித் தூணை நோக்கி வர வேண்டும். மாறிச் செய்தால் நுனியில் நிற்கும் ஒரு முட்டு தளத்தைத் தூக்கிப் பிடிக்கும். மேலே இழுவைக்கென்று வைத்த கம்பி சும்மா இருக்க, அடியில் கம்பி குறைந்த இடத்தில் வெடிக்கும். முட்டுகளில் உள்ள எல்லா ஜக்கையும் ஒருமுறை கொஞ்சம் தளர்த்தி, திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரேயடியாகத் தட்டி விழுத்த வேண்டாம். அலவாங்கைக் கொங்கிறீற்றில் ஊன்றிப் பலகையை நெம்பினால் இளம் கொங்கிறீற் மூலை பெயரும், மர ஆப்பால் மெல்லப் பிரிக்க வேண்டும்.

கழற்றியதும் ஈரச் சாக்குப் போட்டு 7 நாள் நனைக்க வேண்டும். காற்று மாதங்களில் ஒரு மத்தியானத்திலேயே முகம் காய்ந்து நுண்வெடிப்பு வரும். நந்திக்கடல், உப்பாற்றுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் நனைப்பதற்கும் அது வேண்டாம், பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பிக்க வேண்டும். வட்டுவாகல் போலக் கடல்நீரேரி மேல் உள்ள பாலங்களில் உப்புக் காற்றே எதிரி. அங்கே பலகைக்குள் ஒரு ஆணி, ஒரு கட்டுக்கம்பித் துண்டு, ஒரு மரச்சீவல் விழுந்து கிடந்தாலும் உப்பு உள்ளே போக வழி. அடியில் ஒரு பலகைத் துண்டைக் கழற்றி வைத்து, காற்றடித்துக் குப்பையை வெளியேற்றிவிட்டுப் பிறகு மூட வேண்டும். ரை றொட் போன துளைகளைச் சுருங்காத சாந்தால் உள்ளே வரை அடைக்க வேண்டும், வாயில் மட்டும் பூசினால் போதாது. பலகைக்கு எண்ணெய் பூசுவது கம்பி வைக்க முன். எரிந்த என்ஜின் ஒயில் மலிவு என்று பூசுகிறார்கள். முகம் கறுக்கும், கம்பியில் பட்டால் கொங்கிறீற் பிடிக்காது.

கைபிடிச் சுவர் கடைசி. தளத்தின் அடிமுட்டு எல்லாம் கழற்றிய பிறகுதான் அதற்குப் பலகை அடிக்க வேண்டும். முன்பே வார்த்துவிட்டால் முட்டு எடுத்ததும் தளம் தாழ, கைபிடியும் சேர்ந்து தாழும், வெடிக்கும். வீதியில் போகிறவர்கள் பாலத்தில் பார்க்கும் ஒரே கோடு இதுதான். ஆகவே நூலை ஒரு கண்ணுக்கு மட்டும் கட்டாமல் பாலத்தின் முழு நீளத்துக்கும் கட்டுங்கள். விரிவு மூட்டு வரும் இடத்தில் கைபிடியிலும் அதே 20 மி.மீ. இடைவெளி நேராக மேலே வர வேண்டும். றிஜிபோம் என்னும் பாரமில்லாத வெள்ளை நுரைத் துண்டை வைத்து வார்த்துவிட்டு, பிறகு அதை முழுவதும் கிண்டி எடுக்க வேண்டும். அதற்குள் கொங்கிறீற் ஒரு துண்டு சிக்கியிருந்தால் கோடையில் பாலம் விரியும்போது அந்த மூலைதான் பெயர்ந்து விழும்.

மாரி வந்து வேலை நின்றால் பலகைகளை அப்படியே குவிக்க வேண்டாம். ஆணி எல்லாம் பிடுங்கி, சீமெந்து சுரண்டி, எண்ணெய் தடவி, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் கொங்கிறீற் கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். நம் மண்ணில் கறையான் ஒரு மாதத்தில் ஒரு சட்டத்தை வெறும் கூடாக்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. தை பிறந்து வேலை தொடங்கும்போது ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு நுனியிலும் தாங்கி நடுவில் மிதித்துப் பாருங்கள். சத்தம் மாறுவதை முட்டுக்கும் சுவருக்கும் சேர்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.